ஜூலை நான்கு, ஞாயிற்றுக்கிழமை

அந்த வருஷம் ஜூலை நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. காலண்டரில் அதை முதலில் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை ஒரு போதகர் வெளியே சொல்லக் கூடாது. எங்கள் ஊர் நார்டாலில் சுதந்திர தின ஊர்வலம் காலை பத்து மணிக்குக் கிளம்பும். எங்கள் சபையில் ஆராதனை தொடங்குவதும் பத்து மணிக்கு. ஊர்வலம் போகிற சாலையில்தான் எங்கள் கோயிலும் இருக்கிறது. கடவுளா தேசமா என்று ஊரைப் பார்த்துக் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நினைத்தேன். ஊர் என்ன பதில் சொல்லும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

என் பெயர் லீலண்ட் ஓவர்கார்ட். லூத்தரன் சபைப் போதகன். மினசோட்டாவின் மேற்குக் கோடியில், சோளக் காட்டுக்கும் சோயாக் காட்டுக்கும் நடுவில் பல வருஷமாகப் பிரசங்கம் செய்கிறேன். எங்கள் ஜனங்கள் மிகவும் மரியாதைக்காரர்கள். என் பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துதான் தூங்குவார்கள்.

பண்டிகைகளிலும் அவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மே மாத நினைவு தினத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கொடி நட்டு, போரில் செத்தவர்களின் பெயர்களை வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக ஏரிக்குப் போய்ப் படகை இறக்குவார்கள். நவம்பரில் நன்றித் திருநாள் அன்று, டிவியில் பந்தாட்டம் தொடங்குவதற்குள் முடிகிற அளவுக்கு ஜெபம் செய்வார்கள். ஜூலை நான்கு மட்டும் கிறிஸ்துமஸுக்குச் சமம். உண்மையைச் சொன்னால் ஒரு படி மேல், கோட்டு போட வேண்டியதில்லையே. கோயிலுக்குள் பீடத்துக்கு வலப்பக்கம் தேசியக் கொடி நிற்கிறது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அதை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தேன். அடுத்த ஞாயிறு பழைய இடத்தில் நின்றது. மறுபடி நகர்த்தினேன், மறுபடி வந்தது. யார் செய்கிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. என் மனைவி கோனியாகக்கூட இருக்கலாம்.

ஏப்ரல் மாதம் வெண்டல் ஹாக் என் அறைக்கு வந்தார். ஊரில் விதை, தீவனக் கடை வைத்திருக்கிறவர். ஊர்வலக் குழுவின் தலைவர். ஊர்வலத்தில் வெள்ளைத் தாடியும் கொடிக் கோடு போட்ட கால்சட்டையுமாக, தேசத்தின் உருவமான அங்கிள் சாம் வேஷம் போடுவதும் அவர்தான். வேறு யாராவது போடட்டுமே என்று யாரும் இதுவரை கேட்டதில்லை, ஏனென்றால் உடுப்பு அவருடையது.

"பாஸ்டர், அன்னிக்கு மட்டும் ஆராதனைய பூங்காவுக்கு மாத்திக்கலாமா?" என்றார். "பேண்டு மேடை இருக்கு. நீங்க வந்து அஞ்சு நிமிஷம் ஜெபம் பண்ணுங்க, போதும். பட்டாளத்துப் பிள்ளைங்களச் சொல்லிடுங்க. அப்புறம் மழையையும் கொஞ்சம் சொல்லிடுங்க, சோளத்துக்கு வேணும்."

"ஆராதனை கோயில்லதான் நடக்கும், வெண்டல். எப்பவும்போல பத்து மணிக்கு."

"ஆனா ஆளே வர மாட்டாங்களே."

"ரெண்டு மூணு பேர் கூடினாலும் போதும்."

பெருமையாகத்தான் சொன்னேன். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சபைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்தபோது எதிர்ப்பு வரும், விவாதம் நடக்கும், நான் சபையின் வரலாற்றையெல்லாம் எடுத்துப் பேசலாம் என்று தயாராகப் போயிருந்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. "தாராளமா நடத்துங்க பாஸ்டர். நாங்க வரல, அவ்வளவுதான்" என்றார்கள். பிறகு கழிவுநீர்க் குழாய் அடைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

வீட்டுக்கு வந்து கோனியிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நானும் வர முடியாது லீலண்ட்" என்றாள். "பூங்காவுல ஆப்பிள் பை பலகாரக் கடை போடுறது நானாச்சே."

"நீயுமா?"

"நாப்பது பை சுடணும். அத யாரு விப்பா, மோசேயா?"

அதன்பிறகு இரண்டு மாதம் அந்தப் பிரசங்கத்தை எழுதினேன். மோசே மலைமேல் இருக்க, கீழே ஜனங்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து அதைச் சுற்றி ஆடிய கதையை எடுத்துக்கொண்டேன். தேசம் நல்லது, ஆனால் தேசம் கடவுள் இல்லை. கொடியைப் பார்த்துக் கண் கலங்குகிறவன் பீடத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் அவன் எதைக் கும்பிடுகிறான்? இப்படிப் போகும். கேட்க ஆளில்லாத பிரசங்கத்தை எழுதுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. யாரையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. குளிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சில வரிகளில் எனக்கே புல்லரித்தது.

ஜூன் கடைசியில் மார்லிஸ் ப்ரூவால்ட் என்னிடம் வந்து, "பாஸ்டர், நாலாந்தேதி கோயில் நிஜமாவே திறந்திருக்குமா?" என்று கேட்டார்.

மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறவர். புருஷன் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் ஜாரெட் நான்கு வருஷத்துக்கு முன் ஈராக்கில் செத்தான். சவ அடக்கத்தை நடத்தியவன் நான். அன்றிலிருந்து வெண்டல் ஒவ்வொரு வருஷமும் தன் வெள்ளைத் திறந்த காரில் முதல் வண்டியாக மார்லிஸை உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மார்லிஸ் ஒரு வருஷம் உடம்பு சரியில்லை என்றார், ஒரு வருஷம் தங்கை வீட்டுக்குப் போனார், போன வருஷம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். வீட்டு வாசலில் கார் வந்து நின்று ஆரன் அடித்ததாம்.

"திறந்திருக்கும் மார்லிஸ்" என்றேன்.

"அப்ப நான் வர்றேன்."

ஊரே கொடிக்குப் பின்னால் ஓடும்போது, கொடியில் சுற்றிய சவப்பெட்டியை வாங்கிய தாய் என் பக்கம் வந்துவிட்டார்! அன்று மாலையே பிரசங்கத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்.

நான்காம் தேதி காலையில் புழுக்கம் தாங்கவில்லை. பத்து மணிக்குக் கோயிலில் மூன்று பேர் இருந்தார்கள். ஆர்கன் வாசிக்கிற அர்லீன், சம்பளம் வாங்குகிறவர் என்பதால் வந்திருந்தார். மூன்றாவது வரிசை ஓரத்தில் மார்லிஸ். அவருக்குப் பின்னால் காது கேட்காத கிழவர் ஆர்வில். அன்று என்ன நாள் என்பது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. வெளியே பேண்டு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. அர்லீன் ஆர்கனைத் திறந்ததும் வெளியே டிராக்டர்கள் ஆரன் அடித்தன. முதல் பாட்டை நாங்கள் நால்வரும் பாடினோம். ஆர்வில் வேறு பாட்டைப் பாடினார்.

பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னல்கள் இருண்டன. வானம் பச்சையும் கறுப்புமாகத் திரண்டது. பிறகு கூரைமேல் யாரோ கல் மூட்டையைக் கொட்டியதுபோல ஆலங்கட்டி இறங்கியது. சாலையில் ஒரே கூச்சல். கோயில் கதவு படாரென்று திறந்தது. ஊர்வலம் உள்ளே வந்தது.

ஊர்வலம் என்றால் முழு ஊர்வலம். பேண்டு வாத்தியக்காரர்கள், முன்னாள் பட்டாளத்துக்காரர்கள், அந்த வருஷம் பால் பண்ணை இளவரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண், தீயணைப்புப் படை, வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள், மடக்கு நாற்காலிகளோடு அப்படியே. ஊருக்கு மறுகோடியில் இருக்கிற கத்தோலிக்க சபை ஆட்கள்கூட வந்தார்கள். வெண்டலின் ஒட்டுத் தாடி மோவாயிலிருந்து தொங்கியது. அவருடைய கால்சட்டையின் சிவப்புக் கோடுகள் கரைந்து வெள்ளைக் கோடுகளில் இறங்கிவிட்டதால் இடுப்புக்குக் கீழே அவர் இளஞ்சிவப்பாக இருந்தார். கடைசியாக நெல்சன் வீட்டுப் பரிசு வாங்கிய கன்றுக்குட்டி, கழுத்தில் நட்சத்திர ரிப்பனோடு, வாசல் நடையில் வந்து நின்றது.

ஜனங்களுக்கு அடிபட்டதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். துவாலைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்த எண்ணம், நல்லவேளை, பிரசங்கத்தைச் சுருக்கவில்லை என்பதுதான். ஈஸ்டருக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. வெளியே முட்டை அளவுக்கு ஆலங்கட்டி விழுவதால் யாரும் எழுந்து போகவும் முடியாது. ஒரு போதகனுக்கு வேறென்ன வேண்டும்?

மேடையில் ஏறி மைக்கைத் தட்டினேன். "ஜனங்கள் ஒரு கன்றுக்குட்டியைச் செய்தார்கள்" என்று ஆரம்பித்தேன்.

"என்ன சொல்றாரு?" என்று ஆர்வில் உரக்கக் கேட்டார்.

"கன்னுக்குட்டியப் பத்திச் சொல்றாரு" என்றான் டிரம் வாசிக்கிற ஒருவன்.

"யாரு வீட்டுது?"

"நெல்சன் வீட்டுது!"

எல்லாரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். கன்றுக்குட்டி அந்த நேரம் பார்த்து 'ம்மா' என்றது. கூட்டம் கோயில் குலுங்கச் சிரித்தது. நான் விடவில்லை. தேசம் கடவுள் இல்லை என்றேன். "ஆமென்!" என்றார் முன்னாள் பட்டாளத்துக்காரர் ஒருவர், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு. கொடியைக் கும்பிடாதீர்கள் என்றேன். கொடி என்ற சொல் காதில் விழுந்ததும் பேண்டுக்காரர்கள் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்கள். உட்காருங்கள் என்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினார்கள். ஒவ்வொருவரும் நான் பக்கத்து வரிசைக்காரரைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்ததுபோல முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் எனக்குச் சூடேறிவிட்டது. சேர்த்து வைத்த அந்தப் பத்திக்கு வந்தேன்.

"இன்று இந்த ஆலயத்தில் ஒரு தாய் இருக்கிறார்" என்றேன். "இந்தத் தேசத்துக்கு அவர் கொடுத்ததை நம்மில் யாரும் கொடுக்கவில்லை. அவருக்கு முதல் காரில் இடம் வைத்திருந்தார்கள். அவர் அந்தக் காரை வேண்டாம் என்று இந்தப் பீடத்தைத் தேர்ந்துகொண்டார்."

ஊர்வலத்துக்கு முன் கூட்டம் அடங்குமே, அப்படி அடங்கியது. எல்லாத் தலையும் மூன்றாவது வரிசை ஓரத்துக்குத் திரும்பியது. மார்லிஸ் பாட்டுப் புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்த பலகையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இவ்வளவு நல்ல வரிக்கு ஏன் இப்படி முகம் போகிறது என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.

அதற்குள் வெண்டல் எழுந்து, சொட்டச் சொட்ட, நடுவழியில் நடந்து வந்தார்.

"பாஸ்டரே வாயத் திறந்து சொல்லிட்டாரு" என்றார். குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. "மக்களே, நம்ம ஜாரெட்டோட அம்மா இங்கதான் இருக்காங்க. நாலு வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். மார்லிஸ், கொஞ்சம் எழுந்து நில்லும்மா. எல்லாரும் உன்னைப் பாக்கணும். பேண்டு, ரெடியா இருங்கப்பா."

டிரம் குச்சி உயர்ந்தது. மார்லிஸ் எழவில்லை. அவருடைய தோள் மெல்ல மெல்ல உள்ளே ஒடுங்கிக்கொண்டே போனது. வெண்டல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கையை இங்கே கூட்டிக்கொண்டு வந்தது நான்.

"வெண்டல், உக்காருங்க" என்றேன்.

"ஒரே நிமிஷம் பாஸ்டர்..."

"உக்காருங்க. பிரசங்கம் இன்னும் முடியல."

முடிந்துவிட்டது. என் கையில் ஒரு தாள்கூட மிச்சமில்லை. ஆனால் நான் மைக்கை விட்டால் டிரம் தொடங்கிவிடும். எதையாவது பேச வேண்டும், எல்லார் கண்ணும் அந்த மூலையை விட்டு வர வேண்டும். மனத்தில் வேறொன்றும் இல்லாததால், "கழிவுநீர்க் குழாய்" என்றேன்.

கோயில் என்னைப் பார்த்தது.

"நமது சபையின் கழிவுநீர்க் குழாய் வசந்த காலத்திலிருந்து அடைத்திருக்கிறது" என்று தொடர்ந்தேன். பழைய குழாய் களிமண்ணால் ஆனது என்பதை விளக்கினேன். எல்ம் மரத்து வேர் அதற்குள் புகுந்த விதத்தைச் சொன்னேன். அங்கிருந்து கூரைக்குப் போனேன், கூரையிலிருந்து கண்ணாடி ஜன்னல்களுக்கு வந்து, ஒவ்வொன்றையும் எந்தக் குடும்பம் கொடுத்தது என்று சொல்லத் தொடங்கினேன். வெண்டல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். டிரம் குச்சி இறங்கியது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. இரண்டாவது ஜன்னல் முடிவதற்குள் ஊர் முழுக்கத் தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்வலத்தையே தூங்கவைத்த போதகன் இந்த மாநிலத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை. நான் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். மார்லிஸ் எழுந்தார், பக்கக் கதவைத் திறந்தார், போனார். ஒருவரும் திரும்பவில்லை. இன்னும் இரண்டு ஜன்னலைச் சொல்லிவிட்டு ஆசீர்வாதம் கூறினேன். ஆலங்கட்டி நின்று வெறும் மழையாகியிருந்தது.

வாசலில் என் கையைக் குலுக்கிய ஒருவர், "சூப்பர் பிரசங்கம் பாஸ்டர். அந்தக் கத்தோலிக்கக்காரங்களுக்கு நல்லாக் குடுத்தீங்க" என்றார். அவருக்குப் பின்னால் வந்த கத்தோலிக்கர், "உங்க ஆளுங்களுக்கு இது தேவைதான்" என்றார். கன்றுக்குட்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தேனா என்று நெல்சன் கேட்டார். கோனி நனைந்த தலையோடு வந்து என் காதருகே குனிந்து, "குழாயப் பத்திப் பேசினதுல உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சு ஆம்புலன்ஸ்காரங்களப் பார்த்து வச்சுக்கிட்டேன்" என்றாள்.

மார்லிஸின் கார் வெளியே நின்றிருந்தது. மழையில் எங்கே போயிருப்பார் என்று தேடிக்கொண்டு கோயிலின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. பெரிய காபிப் பாத்திரம் சூடேறிக்கொண்டிருந்தது. மார்லிஸ் கோப்பைகளைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் தொப்பலா நனைஞ்சிருக்காங்க. காபி கேப்பாங்கல்ல?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"மார்லிஸ், நான்..."

"கீழயும் ஸ்பீக்கர் இருக்கு பாஸ்டர். மிச்சமும் கேட்டுச்சு." ஒரு கோப்பையை விளக்கில் பார்த்துத் துடைத்தார். "மொதல்ல சொன்னது சரிதான். தேசம் சாமி இல்ல. அது எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா அதச் சொல்றப்ப நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

குளியலறையில் புல்லரித்தது நினைவுக்கு வந்தது.

"அப்புறம் என்னைப் பத்திச் சொன்னீங்க. வெண்டல் என்னைக் கார்ல ஏத்தப் பார்க்கிறாரு, நீங்க பீடத்துல ஏத்திட்டீங்க. என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். "என்னை மன்னிச்சிடுங்க. நீங்க வர்றேன்னதும், என் பக்கம் வந்துட்டீங்கன்னு நினைச்சுட்டேன்."

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அய்யோ பாஸ்டர். இன்னிக்கு ஊர்ல ஆளே இல்லாத இடம் இது ஒண்ணுதான்னு வந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார், அதனால் நானும் சிரித்தேன்.

"குழாயப் பத்திச் சொன்னது மட்டும் நல்லாருந்துச்சு" என்றார். "அந்தத் தட்ட எடுங்க."

கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் இறங்கி வந்தார்கள். காபி ஓடியது. கோனி மிஞ்சிய ஆப்பிள் பை பலகாரங்களை வண்டியிலிருந்து கொண்டுவரச் சொன்னாள். எல்லாருக்கும் கடைசியாக வெண்டல் வந்தார். தாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். வேஷம் இல்லாத முகத்தில் அவர் வயதாகித் தெரிந்தார்.

"மார்லிஸ், உன்னை நோகடிக்கணும்னு நான்..." என்று ஆரம்பித்தார். "அவன் என் கடையில வேலை பார்த்த பையன். அவனுக்கு ஏதாவது செய்யணும்னுதான். எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

"தெரியும் வெண்டல். காபி எடுத்துக்கோங்க."

"அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷமும் கார் வேண்டாம். அதுக்கு அடுத்த வருஷமும் வேண்டாம். கேக்காதீங்க. கேக்காம இருந்தீங்கன்னா அதுவே போதும்."

வெண்டல் தலையை ஆட்டினார். கோப்பையை வாங்கிக்கொண்டு, "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். அதன்பிறகு காரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. வெள்ளைக் காரில் இப்போது பால் பண்ணை இளவரசி போகிறாள்.

மத்தியானம் வெயில் வந்தது. ஊர்வலத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று முடிவு செய்து எல்லாரும் மேலே ஓடினார்கள். நானும் மார்லிஸும் கோப்பைகளோடு கீழே நின்றோம். அவர் கழுவ, நான் துடைத்தேன். கீழ்த்தளத்து ஜன்னல் தரை மட்டத்தில் இருப்பதால் சாலை தெரியும், ஆனால் கால்கள் மட்டும்தான் தெரியும். பூட்ஸுகள் போயின, டிராக்டர் சக்கரங்கள் போயின, கன்றுக்குட்டியின் நாலு குளம்புகள் போயின. இளஞ்சிவப்புக் கால்சட்டை ஒன்று மிடுக்காக நடந்து போனபோது மார்லிஸ் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஜாரெட் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்" என்றார். "அவனுக்கு ஜூலை நாலுன்னா கொடியும் கிடையாது, சாமியும் கிடையாது பாஸ்டர். சுட்ட இறைச்சி சாஸேஜ்தான். அப்புறம் வெடி. பதினோரு வயசுல ஒரு தடவை புருவத்தைக் கருக்கிக்கிட்டான். எனக்குத் தெரியக் கூடாதுன்னு என் மை பென்சில எடுத்து வரைஞ்சுக்கிட்டு சாப்பிட வந்தான். ஒரு புருவம் இங்க இருக்கு, ஒண்ணு நெத்தியில இருக்கு. நாங்க ரெண்டு பேரும் பாத்தும் பாக்காத மாதிரி உருளைக்கிழங்க எடுத்து வச்சுக்கிட்டிருக்கோம். அவங்க அப்பா முகத்த நிமிர்த்தவே இல்ல."

அதை வைத்து ஒரு பிரசங்க வரி என் வாய்வரை வந்தது. நல்ல வரியாகத்தான் இருந்தது. துடைத்த கோப்பையையே இன்னொரு தடவை துடைத்தேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, வெடி பாக்க வெளிய போனோம், மழை. புருவம் ரெண்டும் கன்னத்துல வழிஞ்சிருச்சு." அவர் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். "தண்ணி ஆறிப்போச்சு. அந்த வெந்நீர்க் கெண்டிய எடுத்து ஊத்துங்க."